நாலு முனைக் கம்பி

பெரியத்தாவின் வீடியோ கேமரா சிங்கப்பூரிலிருந்து மீமிசலுக்கு ஒரே இரவில் வந்து சேர்ந்தது. அது எடுத்த படங்கள் அதே வீட்டு மேசையில் ஒரு முழம் தள்ளியிருந்த லேப்டாப்புக்குள் போய்ச்சேரப் பல வருஷம் பிடித்தது.

வந்தது 2004இல். திருச்சியில் விமானம் இறங்கி, புதுக்கோட்டை, அறந்தாங்கி, ஆவுடையார்கோயில் வழியாக வாடகைக் காரில் வந்தது. கோட்டைப்பட்டினம், கோபாலப்பட்டினம், அம்மாபட்டினம் என்று எங்கள் கரையோர ஊர்கள் எல்லாவற்றிலும் வெளிநாட்டுக்குப் போய்வரும் சபுராளி வீட்டுப் பெட்டி திறக்கப்படுவது ஒரு சின்னப் பெருநாள். கோடாலித் தைலம், டைகர் பாம், டார்ச் லைட், பூப்போட்ட போர்வை, சாக்லேட் என்று பெட்டியின் வரிசை யாருக்கும் மனப்பாடம். அதற்கு முந்தைய தலைமுறையில் டேப் ரெக்கார்டர் வந்தது. எழுத வராதவர்களும் எழுதச் சோம்பியவர்களும் ஆடியோ கேசட்டில் பேசி, போகிற ஆளிடம் கொடுத்தனுப்புவார்கள். அங்கிருந்து மறு கேசட் வரும். குரல் போய் வந்துகொண்டிருந்த அதே பாதையில் இப்போது முகமும் போகலாம் என்பதுதான் அந்தச் சாம்பல் நிறச் சோனி ஹேண்டிகேமுக்கு வீட்டில் கிடைத்த மரியாதைக்குக் காரணம்.

கேமராவுக்கு ஒரு பூர்வீகம் உண்டு. வி.எச்.எஸ்., பீட்டாமேக்ஸ் என்று ஆளுக்கொரு கேசட்டை விற்று அடித்துக்கொண்ட கம்பெனிகள், 1990களின் தொடக்கத்தில் அந்தச் சண்டையின் நஷ்டக்கணக்கைப் பார்த்துவிட்டு ஒன்றாக உட்கார்ந்தன. சோனி, மட்சுஷிடா, ஜேவிசி, பிலிப்ஸ் எல்லாரும் ஒரே அளவுக்கு ஒத்துக்கொண்டதன் விளைவு 1995இல் கடைக்கு வந்த டிஜிட்டல் வீடியோ கேசட். அதன் சின்ன வடிவம்தான் மினிடிவி. தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரியது. உள்ளே 6.35 மில்லிமீட்டர் அகலத்தில், ஒரு மணி நேரப் படத்துக்குச் சுமார் 68 மீட்டர் நாடா. கேமராவுக்குள் ஒரு சின்ன உருளை நிமிஷத்துக்கு 9000 சுற்று சுற்றியபடி அந்த நாடாவில் சாய்கோடுகளாக எழுதும். நம் ஊர் டி.வி.யின் பால் (PAL) முறையில் ஒரு நொடிக்கு 25 படம். ஒவ்வொரு படத்துக்கும் 12 கோடு. ஒரு மில்லிமீட்டர் இடத்தில் நூறு கோடுகள் நெருக்கியடித்து நிற்கும்.

எழுதப்படுவதெல்லாம் எண்கள். பழைய வி.எச்.எஸ். நாடாவில் இருந்தது அலை. பிரதி எடுக்க எடுக்க நைந்துபோகும். இதில் இருப்பது கம்ப்யூட்டர் புரிந்துகொள்ளும் கணக்கு. ஆனால் அந்தக் கணக்கு கம்ப்யூட்டர் எட்டாத இடத்தில், ஒரு நாடாவின்மேல் கிடந்தது. டிஜிட்டல் என்று பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருந்ததைப் பார்த்து, பென்டிரைவ் மாதிரி செருகினால் கொட்டிவிடும் என்று எல்லாரும் நினைத்தோம். கேமரா அப்படி நினைக்கவில்லை.

சிங்கப்பூரில் வாங்கியது ஒரு விதத்தில் அதிர்ஷ்டம். அங்கேயும் பால், இங்கேயும் பால். அமெரிக்காவிலோ ஜப்பானிலோ வாங்கியிருந்தால் என்.டி.எஸ்.சி. முறையாகியிருக்கும், பழைய டி.வி.யில் படம் கறுப்பு வெள்ளையாக உருண்டிருக்கும். ஆனால் பெரியத்தா கேமராவின் கடிகாரத்தைச் சிங்கப்பூர் நேரத்திலேயே விட்டுவிட்டார். நம் நேரத்துக்கு இரண்டரை மணி முன்னால். இது பின்னால் ஒரு வேடிக்கைக்குக் காரணமானது.

இன்னொரு காரியமும் செய்தார். கேசட் விலையை மனதில் வைத்து, மெனுவில் எல்.பி. என்பதைத் தேர்ந்தெடுத்தார். நாடா மெதுவாக ஓடும். 60 நிமிஷக் கேசட்டில் 90 நிமிஷம் பிடிக்கும். நூறு கோடு நின்ற இடத்தில் இப்போது நூற்றைம்பது கோடு. அவ்வளவு நெருக்கமான கோட்டை, எழுதிய அதே கேமராவின் உருளையில் உள்ள காந்தத் தலைதான் நம்பிக்கையாகப் பிடித்து வாசிக்கும். வேறு கேமராவில் போட்டால் படம் சதுரம் சதுரமாக உடையலாம். கேமராவோடு வந்த குறிப்புப் புத்தகத்தில் இதை எழுதித்தான் இருந்தார்கள். சிக்கனத்துக்கு முன்னால் குறிப்புப் புத்தகம் எந்த வீட்டில் ஜெயித்திருக்கிறது?

2005இல் பெரியத்தாவின் மகளான அக்காவின் நிக்காஹ் நடந்தது. வெளியிலிருந்து வீடியோக்காரரும் வந்தார். அவர் கையில் தோள்மேல் வைக்கும் பெரிய கேமரா, கூடவே ஆயிரம் வாட் விளக்கைத் தூக்கிப்பிடிக்க ஒரு பையன். அவர் இருந்தது ஆண்கள் பக்கம். பந்தல், ஜமாஅத்தார், மாப்பிள்ளை ஊர்வலம், பிரியாணிச் சட்டி. பெண்கள் பக்கம் அவர் வரக் கூடாது. அங்கே ஹேண்டிகேம் நுழைந்தது. பிடித்தது என் சின்னம்மா. படப்பிடிப்பு என்று எதையும் கற்றவர் இல்லை. ஆனால் பெண் வீட்டுக் கொல்லைப்புறம்வரை அவருக்கு வாசல் திறந்திருந்தது. அது எந்த வீடியோக்காரருக்கும் கிடைக்காத அனுமதி. மருதாணி இரவு, நகை போடும் நேரம், நன்னி (பாட்டி) பாடியது, அடுப்படியில் யாரோ யாரையோ திட்டியது எல்லாம் அதில்தான் பதிவாயிற்று. நடுவில் கரண்ட் போனபோது சின்னம்மா நைட்ஷாட் பொத்தானைத் தட்டியிருக்கிறார். கால் மணி நேரம் எல்லாரும் பச்சை நிறத்தில், கண்மணி மின்ன உட்கார்ந்து சிரிக்கிறார்கள். கல்யாண வீட்டின் உண்மையான படம் அதுதான் என்பது என் அபிப்பிராயம். பெரிய கேமராக்காரர் எடுத்தது வந்திருந்தவர்களின் வருகைப் பதிவேடு.

அந்த வருகைப் பதிவேட்டின் கதியும் சொல்ல வேண்டியது. அக்காலக் கல்யாண வீடியோவும் இதே நாடாவில்தான் பிடிக்கப்பட்டது. மிக்ஸிங் முடிந்து, பாட்டுப் போட்டு, இதய வடிவத்தில் முகங்களைச் சுற்றவிட்டு, கைக்கு வந்தது வி.சி.டி. நாடாவில் நொடிக்கு 25 மெகாபிட்டாக இருந்த படம், வி.சி.டி.யில் ஏறத்தாழ 1.15 மெகாபிட்டுக்குச் சுருங்கும். 720க்கு 576 புள்ளி, 352க்கு 288 ஆகும். மூலக் கேசட்டைக் கேட்டு வாங்கிக்கொண்ட வீடுகள் குறைவு. கேட்காத வீடுகளின் கேசட்டில் அடுத்த வாரம் அடுத்த கல்யாணம் ஏறியது. தொழிலின் கணக்கு அப்படி. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆக, இந்தக் கரையில் 2000க்கும் 2010க்கும் இடையில் நடந்த கல்யாணங்களின் நல்ல படம் எங்கேயாவது மிஞ்சியிருக்கிறதென்றால், அது பீரோவுக்குள் கிடக்கும் வீட்டுக் கேமராவின் கேசட்டில்தான்.

பெரியத்தா லீவு முடிந்து திரும்பியபோது கேமராவை இங்கேயே விட்டுப் போனார். கல்யாணத்தின் ஆண்கள் பக்கம் வி.சி.டி.யாகச் சிங்கப்பூர் போனது. பெண்கள் பக்கம் போகவில்லை. மினிடிவியைப் போட்டுப் பார்க்க அங்கே இன்னொரு கேமரா வேண்டும். மஞ்சள், வெள்ளை, சிவப்பு முனைக் கம்பியால் வி.எச்.எஸ். கேசட்டில் பிரதி எடுத்து அனுப்பலாம். ஆனால் கொண்டுபோகிற ஆள் வழியில் எங்கே தங்குவாரோ, யார் வீட்டில் போட்டுப் பார்ப்பார்களோ! பெரியம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: “வந்து பாத்துக்கட்டும்.” அடுத்த லீவில் வந்து, கேமராவை டி.வி.யில் மாட்டி, தன் மகள் கல்யாணத்தின் மறுபாதியைப் பார்த்தார்.

அதற்குப் பிறகு கேமராவின் வாழ்க்கையில் சுவாரஸ்யம் குறைவு. ஒரு சுன்னத்து, ஒரு வீடு குடிபோதல், கடற்கரையில் பிள்ளைகள் ஓடுவது. ஃபோனில் கேமரா வந்தது, இது பீரோவுக்குப் போனது. 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் கரையைக் கடந்தபோது ஓடு பறந்து, ஊர் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தது. பீரோவின் மேல்தட்டு நனையவில்லை. கேசட்டுகளைப் பெரியம்மா பட்டுப்புடவைகளுக்கு நடுவில் வைத்திருந்தார்.

கேசட்டை மறுபடி தேடவைத்தவள் அக்காவின் மகள். கல்யாண வி.சி.டி.யைப் போட வீட்டில் எந்தக் கருவியும் மிச்சமில்லை. ஒரு நண்பியின் பழைய கம்ப்யூட்டரில் போட்டபோது தட்டு சுழன்று சுழன்று நின்றது. “உங்க கல்யாணத்த நான் பாக்கவே முடியாதாம்மா?” என்று அவள் கேட்க, வீட்டில் கம்ப்யூட்டர் படித்தவள் என்ற பெயர் இருந்ததால் வேலை என்னிடம் வந்தது.

கேமராவில் ஒரு யுஎஸ்பி துளை இருந்தது. பன்னிரண்டாம் வகுப்பில் அரசு தந்த என் லேப்டாப்பிலும் யுஎஸ்பி இருந்தது. மாட்டினால் ஏதோ சத்தம் கேட்டது, ஒரு ஃபோல்டர் திறந்தது, உள்ளே மெமரி ஸ்டிக்கில் எடுத்த நாலைந்து புகைப்படங்கள். கேசட் ஒன்றும் தெரியவில்லை. இந்த வகைக் கேமராக்களை வைத்திருந்த எல்லார் வீட்டிலும் நடந்த கதை இது. பெரும்பாலான மாடல்களில் அந்த யுஎஸ்பி வாசல் அல்ல, ஜன்னல். புகைப்படத்தை எட்டி எடுக்கலாம். வெப்கேம் மாதிரி மங்கலான படத்தை ஓடவிடலாம். நாடாவில் உள்ளது உள்ளபடி வெளியே வர வேறு வழி. கேமராவின் பக்கவாட்டில் ஒரு சின்ன மூடியைத் திறந்தால் நகக்கண் அளவுக்கு ஒரு துளை, உள்ளே நாலு முனை. மேலே டிஜிட்டல் வீடியோ என்பதன் சுருக்கமாக டிவி (DV) என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். கடைத்தெருவில் போய் “டிவி கேபிள்” என்று கேட்ட பெரியத்தாவுக்கு ஆன்டெனா கம்பியை அளந்து கொடுத்தார்கள். நியாயம்தானே.

அந்தக் கம்பி ஆப்பிள் கம்பெனியில் 1986இல் தொடங்கிய வேலை. 1995இல் ஐஇஇஇ 1394 என்ற எண்ணோடு தரநிலையானது. ஆப்பிள் அதை ஃபயர்வயர் என்றது, சோனி ஐ.லிங்க் என்றது. நொடிக்கு 400 மெகாபிட். வேகம் அதன் பெருமையல்ல. தவணை தவறாமைதான் பெருமை. வீடியோவுக்கென்று ஒதுக்கிய நேரத்தை இன்னொரு வேலைக்கு அது விட்டுக்கொடுக்காது. ஓடுகிற நாடாவுக்கு அது அவசியம். நொடிக்கு 300 கோடு வந்து விழுந்துகொண்டேயிருக்கும்போது, “கொஞ்சம் பொறு” என்று சொல்ல முடியாது. அதே 1995இல் வந்த சோனியின் டிசிஆர்-விஎக்ஸ்1000 கேமராவில் இந்தத் துளை இருந்தது. 1999இல் ஆப்பிள், ஐமேக் டிவி என்று ஒரு கம்ப்யூட்டரையே இதற்காக விற்றது. வீட்டில் உட்கார்ந்து படம் வெட்டி ஒட்டலாம் என்பது அன்று பெரிய ஆசைகாட்டல்.

பிறகு அது எப்படிச் செத்தது என்றால், பாதி காசால், பாதி சோம்பலால். ஒரு போர்ட்டுக்கு 1 டாலர் என்று ஆப்பிள் உரிமத்தொகை கேட்டது. மற்றவர்கள் முணுமுணுத்த பிறகு ஒரு கருவிக்கு 25 சென்ட் என்று இறங்கியது. அதற்குள் யுஎஸ்பி எல்லா இடத்திலும் உட்கார்ந்துவிட்டது. கேமராக்களும் நாடாவை விட்டு மெமரி கார்டுக்கு மாறின. 2008இலேயே ஒரு மேக்புக்கில் இந்தத் துளை இல்லை. 2012 மாடல் மேக்புக் ப்ரோவோடு ஆப்பிள் மடிக்கணினியில் கதை முடிந்தது. விண்டோஸ் 8 வந்தபோது பழைய டிரைவரை எடுத்துவிட்டு, வேண்டியவர்கள் தனியாக இறக்கிக்கொள்ளட்டும் என்றார்கள். 2025இல் வந்த மேக் இயங்குதளம் ஃபயர்வயரை அடியோடு கைவிட்டது. லினக்ஸில் மட்டும் ஜப்பான்காரர் தகாஷி சகமோட்டோ, 2029 வரை பராமரிக்கிறேன் என்று சொல்லி உட்கார்ந்திருக்கிறார். கேசட் வைத்திருக்கும் வீடுகள் அவருக்காக ஒரு துஆ செய்யலாம்.

இதற்கிடையில் ஆன்லைனில் ஒரு கம்பி விற்கிறது. ஒரு முனையில் யுஎஸ்பி, மறுமுனையில் நாலு முனை ஃபயர்வயர். விலை மலிவு, படம் அழகு. வாங்காதீர்கள். இரண்டு மொழி பேசும் கருவிகளுக்கு நடுவில் மொழிபெயர்க்க ஒரு சில்லு வேண்டும். அந்தக் கம்பிக்குள் செம்பைத் தவிர ஒன்றும் கிடையாது. அது வேலை செய்யாது என்பதோடு நிற்காமல், சில சமயம் கேமராவின் துளையையும் கெடுத்துவிடும். எங்கள் வீட்டிலும் ஒன்று வந்தது. பிள்ளைகள் விளையாட எடுத்துப்போய்விட்டார்கள்.

ஸ்டுடியோவில் கொடுத்தால் என்ன என்று வெளியூர் உறவினர் எல்லாரும் கேட்டார்கள். திருச்சியிலும் சென்னையிலும் கேசட்டை வாங்கி, ஃபைலாக மாற்றித் தரும் இடங்கள் இருக்கின்றன. பெரியம்மா அதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை. “பொம்பளைங்க தலையில முக்காடு இல்லாம உக்காந்திருக்கோம் அதுல. யாரோ ஒரு ஆம்பளை ஒரு மணி நேரம் உக்காந்து பாத்துக்கிட்டே எடுப்பானாக்கும்?” என்றார். இந்தக் கேள்வியை நான் முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு வேலையில் இறங்கியபோது, கேசட்டின் இயக்கத்தையே அவர் சரியாகச் சொல்லியிருக்கிறார் என்று தெரிந்தது. ஒரு மணி நேர நாடா வெளியே வர ஒரு மணி நேரம் ஆகும். ஃபைல் மாதிரி அள்ளிப் போட முடியாது. ஓடவிட்டு, ஓடுவதைப் பிடிக்க வேண்டும். யாராவது உட்கார்ந்துதான் ஆக வேண்டும். ஸ்டுடியோவில் அது அவர்கள் ஆளாக இருப்பார்.

கடைசியில் வழி பிறந்தது இன்னொரு சிங்கப்பூர்ப் பெட்டியிலிருந்து. மச்சான் ஒருவர் வேலை பார்த்த அலுவலகத்தில் கழித்துப்போட்ட பழைய லேப்டாப்பைப் பிள்ளைகளுக்கு என்று கொண்டுவந்து போட்டிருந்தார். பேட்டரி போய், சார்ஜரில் மட்டும் உயிர்வாழும் சாதனம், விண்டோஸ் 7. அதன் இடப்பக்கத்தில், யாரும் பெயர் சொல்லத் தெரியாத அந்த நகக்கண் துளை இருந்தது. இரண்டு பக்கமும் நாலு முனை உள்ள கம்பி மட்டும் சென்னை ரிச்சி தெருவில் கிடைத்தது.

செய்முறையில் கவனிக்க வேண்டியவை கொஞ்சம்தான். நாலு முனைக் கம்பியில் மின்சாரம் போகாது, அதனால் பயமில்லை. மேசைக் கம்ப்யூட்டரின் ஆறு முனைத் துளையில் மின்சாரம் உண்டு. அவசரத்தில் திருப்பிச் செருகிக் கேமராவைக் கருக்கியவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். எதுவானாலும் கேமராவை அணைத்துவிட்டு மாட்டுவது நல்லது. கேமராவுக்குப் பேட்டரியை நம்பாமல் அடாப்டர் போட வேண்டும். பொத்தானைப் படம் எடுக்கும் நிலையில் வைக்காமல், ஓட்டிப் பார்க்கும் நிலையில் வைக்க வேண்டும். பல வருஷம் அசையாமல் கிடந்த நாடாவைக் கடைசிவரை ஓட்டி, திரும்பச் சுற்றிக்கொண்டால் இறுக்கம் சீராகும். பிறகு லேப்டாப்பில் விண்டிவி என்ற சின்ன, இலவச, அலங்காரமே இல்லாத மென்பொருள். லேப்டாப்பில் பிளே அழுத்தினால் கேமரா தானாக ஓடத் தொடங்கியது. இருபது வருஷத்துப் பழைய கேமரா, தன்னைவிட இளைய லேப்டாப்பின் சொல்லைக் கேட்டு உருளையைச் சுழற்றிய அந்தச் சத்தத்துக்கு அக்காவின் மகள் கைதட்டினாள்.

ஒரு மணி நேரப் படத்துக்குக் கிட்டத்தட்ட 13 ஜிபி. பழைய ஹார்டு டிஸ்க் எஃப்ஏடி32 முறையில் இருந்தால் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. சுமார் இருபது நிமிஷத்தில் பதிவு நின்றுவிடும். என்டிஎஃப்எஸ் ஆக்கிவிட்டால் தொல்லையில்லை. 2005இல் லேப்டாப்பின் மொத்த இடமே 40 ஜிபி என்று இருந்த காலத்தில் மூன்று கேசட்டோடு டிஸ்க் நிறைந்திருக்கும். அன்று மாற்றாமல் விட்டவர்களைச் சோம்பேறிகள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. போட்டு வைக்க இடம் இல்லை.

இந்த ஃபைலில் ஒரு ரகசியம் உண்டு. ஒவ்வொரு படத்தோடும் அது எடுக்கப்பட்ட தேதியும் நேரமும் நாடாவில் எழுதப்பட்டிருக்கும். திரையில் தெரியாவிட்டாலும் உள்ளே இருக்கும். மஞ்சள் முனைக் கம்பியும் மலிவு யுஎஸ்பி பெட்டியும் வைத்து மாற்றுகிறவர்களுக்கு இது கிடைக்காது. எம்பி4 ஆக்கினாலும் போய்விடும். அதனால் முதல் ஃபைலை அப்படியே வைத்துக்கொண்டு பிரதியைத்தான் மாற்ற வேண்டும். காலை 11 மணிக்கு நடந்த நிக்காஹ், ஃபைலில் பிற்பகல் ஒன்றரை என்று வந்தது. கல்யாணத்துக்கு யார் தாமதமாக வந்தார்கள் என்ற இருபது வருஷத்துப் பழைய வழக்கை இந்த நேரத்தை வைத்துத் தீர்க்கப் பார்த்தார்கள்; சிங்கப்பூர்க் கடிகாரம் என்று நான் சொன்னபோது இரு தரப்பும் தங்களுக்குச் சாதகமாகக் கழித்துக்கொண்டார்கள்.

ளுஹர் தொழுகைக்குப் பிறகு, ஆண்கள் கடைக்கோ தூங்கவோ போன நேரம், கதவைச் சாத்திக்கொண்டு ஓட்டினோம். பார்க்க வேண்டியது நான் மட்டும். வந்து உட்கார்ந்தது தெருவின் பாதிப் பெண்கள். மௌத்தாகிப் போனவர்கள் திரையில் வரும்போது சலவாத்து, சண்டைக்காரர்கள் வரும்போது சிரிப்பு. நன்னி பாடிய இடத்தில் பெரியம்மா, “சத்தத்த கூட்டு புள்ள” என்று மட்டும் சொன்னார். நாடா ஒரு இடத்தில் கட்டம் கட்டமாக உடைந்தது. தலையில் அழுக்கு. துப்புரவுக் கேசட்டை ஒரு சில விநாடி ஓட்டிவிட்டுப் பின்னால் சுற்றி மறுபடி எடுத்தோம். அதை அதிக நேரம் ஓட்டினால் தலையே தேய்ந்துவிடும், புதிய தலை எங்கும் கிடைக்காது. 2019இல் யுனெஸ்கோவும் ஒலி, ஒளி ஆவணக் காப்பகங்களின் சர்வதேசச் சங்கமும் காந்த நாடாக்களுக்காக ஓர் எச்சரிக்கை விட்டன. ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட, ஒலி ஆவணக் காப்பகம் 2025ஐயே கெடு என்று அறிவித்திருந்தது. நாடா அழிந்துவிடும் என்பதைவிட, வாசிக்கும் கருவி அழிந்துவிடும் என்பதுதான் அவர்களது கவலை. அந்தக் கவலைக்குள் மீமிசல் பீரோவும் சேர்த்தி.

படம் லேப்டாப்பில் ஏறிய பிறகுதான் வீட்டில் உண்மையான பேச்சு தொடங்கியது. அக்காவின் மகள் உடனே கேட்டாள்: “குரூப்ல போட்டு விடவா?” உறவினர் குழு அது, மீமிசல், சிங்கப்பூர், கோலாலம்பூர், துபாய் எல்லாம் அதில் இருக்கிறது. பெரியம்மாவும் சின்னம்மாவும் ஒரே குரலில் வேண்டாம் என்றார்கள்.

அவர்கள் பேசியதை நான் கோவையாக்கித்தான் சொல்கிறேன்; அவர்கள் சொன்ன வரிசை வேறு. கேசட் இருந்தவரை இதைப் பார்க்க வேண்டுமென்றால் இந்த வீட்டுக்கு வர வேண்டும், கேமரா வேண்டும், அதை மாட்டத் தெரிந்த ஆள் வேண்டும், பெரியம்மாவின் பீரோச் சாவி வேண்டும். இருபது வருஷமாக அந்தப் படத்தைக் காத்தது இத்தனை தொந்தரவுகள்தான். நான் அந்தத் தொந்தரவுகளை ஒவ்வொன்றாக ஒழித்துவிட்டு, திறமையாக முடித்தேன் என்று நின்றேன். இனி ஒரு விரல் தட்டினால் நாலு தேசத்துக்குப் போகும். போனால் திரும்பி வராது. அன்று முக்காடில்லாமல் சிரித்தவர்களில் ஒருவர் இன்று முகத்தை மூடியே வெளியே போகிறார். ஒருவருக்கு அதற்குப் பிறகு தலாக் ஆயிற்று. படத்தில் அவர் பழைய கணவர் வீட்டார் நடுவில் உட்கார்ந்திருக்கிறார். ஒருத்தி பத்து வயதுச் சிறுமியாக ஆடுகிறாள். இப்போது அவளுக்கே மாமியார் இருக்கிறார். இவர்களிடம் கேட்காமல் அனுப்ப பெரியம்மாவுக்கு மனமில்லை. ஆவணக் காப்பகங்களில் பெரிய படிப்புப் படித்தவர்கள் சம்மதம் பற்றி எழுதும் விதிகளுக்கு இது எந்த விதத்திலும் குறைந்ததல்ல என்று நினைக்கிறேன்.

கேட்டார்கள். பெரியம்மா வீடு வீடாகப் போனார், வெளிநாட்டில் இருந்தவர்களுக்கு ஃபோன். ஆடிய சிறுமி, “என் மகளுக்குக் காட்டணும், எனக்கு மட்டும் தாங்க” என்றாள். தலாக்கானவர் வந்து உட்கார்ந்து முழுவதையும் பார்த்துவிட்டு, எதையும் வெட்ட வேண்டாம், ஆனால் யாருக்கும் அனுப்பவும் வேண்டாம் என்றார். “அன்னிக்கு நான் சந்தோசமாத்தான் இருந்திருக்கேன், பாரேன்” என்று சின்னம்மாவிடம் சொன்னதாகக் கேள்வி. முகத்தை மூடிப் போகிறவர் தன் பகுதியை அழித்துவிடச் சொன்னார். பிரதியில் அழித்தேன், மூலத்தில் இருக்கிறது என்பதையும் சொன்னேன். யோசித்துவிட்டு, “பீரோவுல இருந்தா இருக்கட்டும்” என்றார்.

முடிவில் குரூப்புக்குப் போனது நன்னி பாடிய துண்டும், கரண்ட் போன அந்தப் பச்சைக் கால் மணி நேரத்தில் யார் என்று அடையாளம் தெரியாத சில நிமிஷங்களும். மற்றவை இரண்டு ஹார்டு டிஸ்க்கில் இருக்கின்றன. ஒன்று இந்த பீரோவில், இன்னொன்று புதுக்கோட்டையில் அக்கா வீட்டில். கேசட்டுகளைத் தூக்கிப்போட யாரும் பேசவில்லை. பேசியிருந்தாலும் பெரியம்மா விட்டிருக்க மாட்டார்.

கேமராவை விற்கலாம் என்று அக்காவின் மகன் ஒரு யோசனை சொன்னான். பழைய ஹேண்டிகேமுக்கு இப்போது கல்லூரிப் பிள்ளைகளிடம் கிராக்கி; அந்த மங்கலான நிறமும் தேதி எழுத்தும் அழகாம். பெரியத்தா சிரித்தார். இந்த எல்.பி. நாடாக்களை வாசிக்க நம்பிக்கையான ஒரே தலை அதற்குள் இருக்கிறது என்று நான் விளக்கியபோது, எந்தப் பொத்தானால் வந்த வினை என்பதை அவர் மறந்துவிட்டது போலத் தலையாட்டினார். லென்ஸில் பூஞ்சை விழுந்துவிட்டது, இனி ஒழுங்காகப் படம் எடுக்காது. அதற்கு இப்போது வாசிக்கிற வேலை.

சேதி வெளியே போய், கோபாலப்பட்டினத்திலிருந்து ஒருவர் ஒரு துணிப்பை நிறையக் கேசட்டோடு வந்தார். எங்கள் கேமராவில் போட்டுப் பார்த்தோம். முதல் இரண்டும் சாதாரண வேகத்தில் எடுத்தவை, ஓடின. மூன்றாவதில் சத்தம் விட்டுவிட்டு வந்தது, படம் கட்டமாகச் சிதறியது. அவர் வீட்டுப் பெரியவரும் எல்.பி.யைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார். எழுதிய கேமரா கோலாலம்பூரில் அவர் தம்பி வீட்டில் கிடக்கிறதாம். அடுத்து வரும் ஆளிடம் சார்ஜரையும் சேர்த்துக் கொடுத்தனுப்பச் சொல்லியிருக்கிறது. கம்பி நம்மிடம் இருக்கிறது.